வெர்னா பார்த்த முதல் ஆட்டம்

வெர்னா லாத்திக்கு ஐம்பத்தெட்டு வயது. பைன்ஹேவன் கல்லூரியின் பனித்தரை அரங்கில், கீழ்த்தளத்துச் சலவை அறையில், இருபத்து மூன்று வருடமாக ஹாக்கி அணியின் உடுப்புகளைத் துவைத்து வந்தாள். அத்தனை வருடத்தில் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. ஏன் என்று கேட்டால், "திங்கக்கிழமை ரத்தக்கறைய தேய்க்கிறேன்ல, அது போதாதா? சனிக்கிழமை அது சிந்துறத வேற உக்காந்து பாக்கணுமா?" என்பாள்.

பார்க்காவிட்டாலும் பையன்கள் எல்லாரும் அவளுக்கு அத்துப்படி. ஒன்பதாம் எண்ணுக்கு மூக்கில் ரத்தம் வரும். இருபத்திரண்டாம் எண் சாப்பிட்ட கையைச் சட்டையிலேயே துடைப்பவன். முப்பத்தைந்தாம் எண் சட்டையில் மட்டும் வியர்வையைத் தவிர வேறு ஒன்றும் இருக்காது. அது டானர் வீபியுடையது. கனடாவின் கோதுமைச் சமவெளியிலிருந்து வந்தவன்; இரண்டாவது கோல்கீப்பர். முதல் கோல்கீப்பருக்கு ஏதாவது ஆனால்தான் அவனுக்கு வேலை. நாலு வருடமாக யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தொண்ணூற்றேழு பிப்ரவரியில் ஒரு நாள் அவன் சலவை அறைக்கு இறங்கி வந்தான். சனிக்கிழமை மத்தியானம் கிரானைட் பே கல்லூரியோடு ஆட்டம், தான் இந்த அரங்கில் இருக்கப்போகும் கடைசி ஆட்டம் என்றான். அம்மாவுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தானாம். ஊரில் பனிப்புயல், சாலையெல்லாம் மூடிக் கிடக்கிறது, அம்மாவால் வர முடியாது என்று சொல்லிவிட்டு டிக்கெட்டைத் துணி மேஜைமேல் வைத்தான்.

"நான் ஆடப்போறதில்ல. பெஞ்சுக் கதவத்தான் தெறந்துவிடுவேன். இருந்தாலும் நமக்குன்னு யாராவது ஒருத்தர் மேல உக்காந்திருந்தா நல்லா இருக்கும்."

வெர்னா டிக்கெட்டை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

அவள் ஆட்டத்துக்கு வருகிறாள் என்றதும் வீட்டில் கணவன் ரெய்னோவுக்குத் தலைகால் புரியவில்லை. அவன் பிறந்தது கிரானைட் பேயில். வருடா வருடம் அந்தச் சனிக்கிழமை பச்சைக் கம்பளித் தொப்பியை மாட்டிக்கொண்டு எதிரணிக் கூட்டத்தோடு போய் உட்கார்வது அவன் வழக்கம். அந்த வருடம் ஒரே வண்டியில் வந்து, வாசலில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் போனார்கள்.

அரங்கில் நாலாயிரம் பேர். ரப்பர் வட்டு எங்கே போகிறதென்றே வெர்னாவின் கண்ணுக்குப் பிடிபடவில்லை. அதை விட்டுவிட்டு டானரையே பார்த்தாள். ஆட்டக்காரர்கள் பெஞ்சுக்கு வருவதும் களத்துக்குப் போவதும் ஓயவில்லை. டானர் ஒவ்வொருவருக்கும் சரியான நொடியில் கதவைத் திறந்தான், போகிறவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான், மூடினான். ஒருமுறைகூட யாரும் காத்திருக்க நேரவில்லை. இதையும் ஒழுங்காகச் செய்கிறானே என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது.

கடைசிக் கட்டத்தில் பன்னிரண்டு நிமிடம் பாக்கி. பைன்ஹேவன் மூன்று, கிரானைட் பே இரண்டு. கோல் வாசலில் ஒரு முட்டிமோதலில் முதல் கோல்கீப்பரின் முழங்கால் திருகிக்கொண்டது. இருவர் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார்கள். பயிற்சியாளர் திரும்பி டானரைப் பார்த்தார்.

அவனிடம் வந்த முதல் அடியே கால்களுக்கு நடுவே புகுந்து உள்ளே போனது. மூன்றுக்கு மூன்று. பச்சைத் தொப்பிகள் எல்லாம் எழுந்து நின்று, குழந்தையைக் கூப்பிடுவதுபோல் அவன் பெயரை இழுத்து இழுத்துப் பாடின. பிறகு "சல்லடை, சல்லடை" என்று ஒரே குரலில் தட்டித் தட்டிச் சொல்ல ஆரம்பித்தன.

வெர்னா எழுந்தாள். கைப்பையை இடுக்கிக்கொண்டு, கண்ணாடித் தடுப்பை ஒட்டிய நடைபாதையில் அரங்கைப் பாதி சுற்றி, பச்சைக் கூட்டத்துக்கு நடுவே போய் நின்றாள். ரெய்னோ வாயருகே கையைக் குவித்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"ரெய்னோ, அந்தப் பையனோட அம்மா இன்னிக்கு வர முடியல. நான்தான் வந்திருக்கேன். உக்காரு."

ரெய்னோ உட்கார்ந்தான். அவளும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த அடியை டானர் மார்பில் வாங்கினான். அதற்கடுத்தது கால் கவசத்தில் பட்டுத் தெறித்தது. இன்னொரு அடிக்குக் குப்புற விழுந்து கையுறையால் வட்டை அமுக்கிக்கொண்டான். அவன்மேல் மூன்று பேர் விழுந்தார்கள். ஒவ்வொரு முறையும் பச்சைக் கூட்டம் தலையில் கைவைக்க, நடுவில் வெர்னாவின் சிவப்புக் கோட்டு மட்டும் எழுந்து நின்று கைதட்டியது. பின்வரிசை ஆள் ஒருவர், இந்தம்மா எந்தக் கட்சி என்று முறைத்தார்.

"விடுங்க. அவ என் பொண்டாட்டி" என்றான் ரெய்னோ.

ஆட்ட நேரம் முடிந்து, கூடுதலாகக் கொடுத்த ஐந்து நிமிடமும் முடிந்தது. யாரும் கோல் போடவில்லை. இரண்டு பக்கமும் சத்தம் கூரையைத் தொட்டது. வெர்னா கணவன் தோளைப் பிடித்து உலுக்கி, யார் ஜெயித்தார்கள் என்று கேட்டாள்.

"யாரும் ஜெயிக்கல. சமம்."

"பின்ன எதுக்கு இப்படிக் கத்துறாங்க?"



டானர் முகமூடியைக் கழற்றிவிட்டு, வெர்னா உட்கார வேண்டிய இருக்கையைத் தேடினான். காலியாக இருந்தது. அவன் முகம் சற்று வாடியது. பிறகு எதிர்ப்பக்கம், பச்சைக் கூட்டத்துக்கு நடுவே, ஒரு சிவப்புக் கோட்டு கைப்பையை ஆட்டுவதைக் கண்டுகொண்டான். சிரிப்பை அடக்க முடியாமல் மட்டையை உயர்த்திக் காட்டினான்.

மறுநாள் காலை உணவின்போது வெர்னா, நடுவர் அடிக்கடி ஊதியது எதற்காக என்று கேட்டாள். ரெய்னோ உப்புக்குப்பி, மிளகுக்குப்பி, வெண்ணெய்க் கிண்ணத்தையெல்லாம் மேஜையில் பரப்பி, வட்டுக்கு முன்னால் ஆள் எல்லைக்கோட்டைத் தாண்டக் கூடாது என்று விளக்கினான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அது அநியாயமான சட்டம் என்றாள். அவன் விடவில்லை, அவளும் விடவில்லை. காபி ஆறிப்போய் இரண்டாவது முறை போட வேண்டியதாயிற்று.