பெட்டி விழுங்கிய பத்தாயிரம்

போன கிறிஸ்துமஸுக்கு அக்கா மகள் பாரிஸிலிருந்து வந்தபோது உள்ளங்கை அளவில் ஒரு கருவி கொண்டுவந்தாள். பழைய வீடியோ விளையாட்டெல்லாம் அதற்குள் இருக்கிறதாம். டிவியில் சொருகி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனவளிடம் ஓரிடத்தில் "நிறுத்து, நிறுத்து" என்றேன். மேலே ஆறு வரிசையாக விண்வெளிப் படை. கீழே மூன்று மதில், அதற்குப் பின்னால் ஒற்றைப் பீரங்கி. டொம், டொம் என்று அந்தப் பழைய சத்தம்.

"சித்தி, இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா? உங்க அப்பாவைக் கேளு."

அவள் கேட்டாளோ இல்லையோ, நானே சொல்லிவிடுகிறேன். பெருமையாகத்தான் சொல்வேன். இதில்கூடப் பெருமைப்படாவிட்டால் வேறு எதில் படுவது?

எண்பதுகளின் தொடக்கம். அத்தான், அதாவது அக்காவின் கணவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். எங்கள் காரைக்கால் பக்கத்தில் அப்படிப்பட்டவரைச் சொல்தா என்பார்கள். தலத்தெருவில் சொல்தா வீடு என்றாலே கௌரவம்தான். இரண்டு மாத லீவில் வந்தவர் பிரான்ஸிலிருந்தே ஒரு கலர் டிவி வாங்கி, கப்பலில் போட்டுக் கொண்டுவந்தார். அப்போது காரைக்காலில் உயரமாக ஏரியல் நட்டால் சிலோன் டிவி தெரியும். அதைப் பார்க்கத் தெருவே காத்திருந்தது. ஏரியல் நட்டாயிற்று, திருப்பியாயிற்று. திரையில் மணல் கொட்டினதுதான் மிச்சம். வந்து பார்த்த மெக்கானிக் முதுகைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "இது பிரெஞ்சு பேசற டிவிங்க. அந்த ஊரு அலைக்குன்னு செஞ்சது. சிலோன் சொல்றது இதுக்கு ஏறாது."

அத்தான் முகம் செத்துவிட்டது. அவருடைய அம்மாவை நாங்களும் அத்தை என்றே கூப்பிடுவோம். அத்தை மட்டும், "போவுது போ, மேல பூச்சாடி வைக்கலாம்" என்றார்.

அந்த டிவியில் ஒழுங்காக ஓடியது ஒன்றே ஒன்றுதான். அது கூடவே வந்த விளையாட்டுப் பெட்டி. ஒரு கைப்பிடி, ஒரு சிவப்புப் பொத்தான், உள்ளே இதே விண்வெளிப் படை. சிலோன் பார்க்க வந்த கூட்டம் நண்டு சுட உட்கார்ந்தது. நண்டு என்று பேர் வைத்தது மீன்காரம்மா. "இதுங்க பக்கவாட்டுலல்ல நடக்குது, நம்ம கடக்கரை நண்டேதான்" என்று அவர் சொன்னது அப்படியே நிலைத்துவிட்டது.

அத்தான் எடுத்த அதிகப் புள்ளி ஏழாயிரத்துச் சில்லறை. மற்றவர்கள் இரண்டாயிரம் தாண்டவில்லை. "டிவி கெடக்கட்டும், பெட்டிய நான் திரும்ப எடுத்துட்டுப் போறேன். அங்க பட்டாளத்துல ஆட ஆள் இருக்கு, இங்க யாரு இருக்கா?" என்றார். அக்கா, "ஏன், யாராச்சும் உங்கள ஜெயிச்சா?" என்று கேட்டாள். "ஜெயிச்சா இங்கயே இருக்கட்டும்" என்று சிரித்தார்.

நான் அப்போது அக்காவோடு அந்த வீட்டிலேயே இருந்து, தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். பத்தாவதில் கணக்குப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டவள் என்பது எனக்கு முன்னால் நடந்துபோகும் பட்டம். அந்த விளையாட்டில் ஒரு சூட்சுமம் இருந்தது. விட்ட குண்டு எங்காவது போய் முட்டும்வரை அடுத்த குண்டு கிளம்பாது. ஆண்களெல்லாம் பொத்தானைப் பிசைந்து தள்ளினார்கள். எனக்குத் தையலில் பழகின கை. ஊசி இறங்கி ஏறுவதற்குள் துணியை இழுத்தால் ஊசி முறியும். அதே நிதானத்தில் ஒரு குண்டு, ஒரு நண்டு. கூட்டம் குறையக் குறைய டொம் டொம் வேகமாகும், நண்டுகளும் ஓடும். மெஷினை வேகமாக மிதிக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன். பயம் போய்விடும்.

ஒரு நாள் அத்தான் பிரெஞ்சுத் தூதரகக் காகித வேலையாகப் பாண்டிச்சேரி போயிருந்தார். அக்கா அடுப்படியில். காலைப் பலகாரம் முடிந்து நான் உட்கார்ந்தேன். அத்தை பக்கத்தில் செபமாலையோடு இருந்தார். ஏழாயிரம் தாண்டியது. எட்டு. ஒன்பது. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம். அடுத்த நண்டு விழுந்ததும் திரையில் இருந்தது வெறும் இரண்டு இலக்கம்! பெட்டியைக் கெடுத்துவிட்டேன் என்றே நினைத்தேன். கை மட்டும் நிற்காமல் அந்தக் கூட்டத்தை முடித்தது. அடுத்த கூட்டத்தில் ஏழு நண்டோடு என் மூன்று பீரங்கியில் கடைசியும் போயிற்று. திரையில் முந்நூற்று இருபது.

அணைக்காமல் வைத்திருந்தேன். சாயங்காலம் வந்த அத்தான் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"காலைலேர்ந்து உக்காந்து முந்நூத்தி இருவதா, கொழுந்தியாளே?"

"பத்தாயிரம் தாண்டிச்சு அத்தான். பெட்டி முழுங்கிடுச்சு."

"கணக்குல ரெண்டு வாட்டி கோட்டை விட்டவ சொல்றா, நம்பிக்கணும்!"

அது சுருக்கென்று தைத்தது. பெட்டி போனால் போகட்டும், பொய்க்காரி என்ற பேர் எதற்கு?

அத்தை நிமிர்ந்தார். "நான் பாத்தேன்டா. ஒம்பது ஒம்பதா வந்துச்சு."

"உங்களுக்குத்தான் கண்ணுல புரையே, அம்மா."

"கண்ணுல புரை, வெரல்ல இல்லல்ல? ஒவ்வொரு நண்டுக் கூட்டம் ஒழியறப்பவும் ஒரு மணி தள்ளுனேன். மொத்தம் பதினாறு மணி."

அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். "செபமாலையிலயா அத்தை?"

"சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொல்லிக்கறேன். நீ போயி கொழம்பப் பாரு. ஏம்மா, நீ கணக்கப் போடு."

தையல் சாக்கட்டியை எடுத்தேன். துணி வெட்டும் பலகையில் எழுதினேன். கீழ் வரிசை நண்டுக்கு ஐந்து, அடுத்ததற்குப் பத்து, இப்படியே மேல் வரிசைக்கு முப்பது. ஆறையும் கூட்டினால் நூற்றைந்து. வரிசைக்கு ஆறு நண்டு, ஆக ஒரு கூட்டத்துக்கு அறுநூற்று முப்பது. பதினாறு கூட்டத்துக்குப் பத்தாயிரத்து எண்பது. நடுவில் மேலே ஓடிய பறக்கும் தட்டை ஒரு தடவை அடித்தேன், அதற்கு இருநூறு. கடைசிக் கூட்டத்தில் கீழ் வரிசை ஆறும் அதற்கு மேல் ஒன்றும், நாற்பது. மொத்தம் பத்தாயிரத்து முந்நூற்று இருபது. பெட்டிக்கு நான்கு இலக்கம் காட்டத்தான் தெரியும். பத்தாயிரத்தைத் தூக்கிவிட்டால் மிச்சம் முந்நூற்று இருபது.

அத்தான் பலகையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். விரல் விட்டு அவரும் கூட்டினார். பிறகு வீம்பாக, "பலகையில சரி. என் கண்ணால பாக்கணும்" என்றார்.

"பாருங்களேன்."

ஞாயிறு பூசை முடிந்ததும் வீடு நிறைந்துவிட்டது. மீன்காரம்மா கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே வந்துவிட்டார். அத்தானுக்குத் திரைக்கு நேரே நாற்காலி. அத்தை இந்தத் தடவை செபமாலையை மடியில் வைத்துக்கொண்டு, புளியங்கொட்டையைக் கையில் எடுத்துக்கொண்டார். "பாவம் சேர்த்துக்கிட்டே போகமுடியாதுல்ல?"

இரண்டாம் கூட்டத்திலேயே ஒரு பீரங்கி போனது. "அய்யய்யோ" என்று யாரோ கத்த, மீன்காரம்மா, "சும்மா கெட, அவ கை நடுங்கல பாரு" என்று அதட்டினார். கைப்பிடியை முழங்காலில் அழுத்தி வைத்துக்கொண்டேன், துணியை மெஷின் தட்டில் அழுத்துவதுபோல. ஒரு குண்டு, ஒரு நண்டு. ஏழாயிரம் தாண்டியபோது அத்தான் நாற்காலியின் நுனிக்கு வந்தார். ஒன்பதாயிரம் தாண்டியபோது எழுந்து நின்றார். அறையில் டொம் டொம் தவிர வேறு சத்தமில்லை. ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தைந்தில் நின்றது எண். மேல் வரிசை நண்டு ஒன்று, முப்பது.

திரையில் பதினைந்து.

அத்தான்தான் படித்தார், ஒவ்வொரு சொல்லாக, பட்டாளத்தில் பேர் கூப்பிடும் குரலில்: "பத்தாயிரத்து... பதினைந்து."

வீடு அதிர்ந்தது. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். அத்தை புளியங்கொட்டையை மேலே வீசினார். "பெட்டி இங்கயே இருக்கட்டும்மா, உன்னோடதுதான்" என்று அத்தான் சொன்னது கேட்டது. நான் திரும்பவில்லை. இன்னும் ஒரு பீரங்கி மிச்சமிருந்தது, நண்டுகள் இறங்கிக்கொண்டிருந்தன.