திகதி இல்லாத வரைபு

நுகேகொடையில் ஒரு தனியார் கல்லூரியில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் கணினிச் செய்நிரல் எழுதப் பழக்குவதுதான் என் பிழைப்பு. நிரை நிரலாக எண்களை அடுக்கிய தாயங்களைப் பெருக்குவது, எண்களை வரைபாகக் கீறுவது, அவ்வளவுதான். நிரையும் நிரலும் பொருந்தாவிட்டால் திரையில் சிவப்பு எழுத்து வரும். உடனே, "மிஸ், எனக்கு மட்டும் ஏன் வேலை செய்யுதில்லை?" என்று ஒரு குரல் எழும். எனக்குப் பொறுமை கொஞ்சம் குறைவு. திரையில் எழுதியிருப்பதை முதலில் வாசி என்று எரிந்து விழுவேன்.

சிவப்பு எழுத்து வருகிற பிழைகளுக்கு நான் பயப்படுவதில்லை. சத்தமில்லாமல் ஓடுகிற பிழைதான் பொல்லாதது. அளவீடுகளை மட்டும் கொடுத்து, அவற்றை எடுத்த திகதிகளைக் கொடுக்காமல் விட்டால் கணினி கோபிக்காது. ஒன்று, இரண்டு, மூன்று என்று தானே இலக்கம் போட்டு, எல்லாவற்றையும் சம இடைவெளியில் வைத்து, வடிவான கோடு ஒன்றைக் கீறித் தரும். ஒவ்வொரு தவணையும் பாதி வகுப்பு இதில் விழும். நானும் தயவு தாட்சண்யம் பாராமல் புள்ளி வெட்டுவேன்.

அப்பா இந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்கியது சிறுநீரகம் பழுதான பிறகு. காப்புறுதிக் கம்பனி ஒன்றிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளவத்தை மாடிவீட்டில் காலையில் பேப்பர் வாசித்து முடிந்தால் அவருக்கு வேறு வேலை இல்லை. என் வகுப்புக் குறிப்புகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பயிற்சியாகச் செய்தார். நான் பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு போகும்போது ஃபோன் எடுத்து, "பிள்ளை, உன்ர மூன்றாம் பயிற்சியில ஒரு அடைப்புக்குறி விட்டுப்போச்சு" என்பார். மற்றவர்களில் பிழை பிடிப்பதில் மனிதருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

ஒரு நாள் அப்பாவின் டொக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் எண் இறங்கிக்கொண்டே போகிறது. கெதியில் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட வேண்டி வரும். அதற்காகக் கையில் இரத்தக் குழாய்களை இணைக்கும் சத்திரசிகிச்சையை இப்போதே செய்ய வேண்டும். அந்த இணைப்புப் பதமாக மாதக்கணக்கு எடுக்கும், பிந்தினால் ஆபத்து. வீட்டுக்கு வந்ததிலிருந்து அம்மா அழுதுகொண்டே இருந்தார்.

அடுத்த ஞாயிறு காலை, அப்பா மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவருடைய எல்லாப் பரிசோதனை எண்களும் ஒரு நீலக் கோடாக நின்றன. கோடு மெல்ல, மிக மெல்லச் சரிந்தது. கீழே சிவப்பாக, மெஷினில் போட வேண்டி வரும் என்று டொக்டர் சொன்ன எல்லை.

"இஞ்சை பார், இதைத் தொட இன்னும் எவ்வளவு தூரம் கிடக்கு," என்றார் அம்மாவிடம். "டொக்டர்மார் அப்பிடித்தான் வெருட்டுவினம். இப்ப என்ன அவசரம்?"

அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "மகள் படிப்பிக்கிற கணக்கெல்லே, பிழையாய்ப் போகுமே?" என்று என் தோளில் தட்டிவிட்டு, சம்பலுக்குத் தேங்காய் திருவக் குசினிக்குப் போனார். கனடாவில் இருக்கும் சின்னம்மாவுக்கு ஃபோனில் சிரித்துச் சிரித்துச் சொல்வது கேட்டது. "இன்னும் கனகாலம் இருக்காம் அடி."

நான் கிடை அச்சைப் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. திகதி இல்லை.

எண்கள் எல்லாம் உண்மையானவை. ஆனால் முதலில் அப்பாவை வருடத்துக்கு ஒரு தரம்தான் சோதித்தார்கள். பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தரம், பிறகு மூன்று மாதம், இப்போது மாதாமாதம். நிலைமை மோசமாகும்போதுதானே அடிக்கடி வரச் சொல்வார்கள். அந்த வரைபில் ஒரு வருடமும் ஒரு மாதமும் ஒரே அகலத்தில் இருந்தன. கடைசிப் பள்ளத்தை அது இழுத்து நீட்டிச் சமதரையாக்கியிருந்தது.

திகதி எங்கே என்று பிள்ளைகளிடம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்த வசனத்தை இங்கே எப்படிச் சொல்வது? சொன்னால் குசினியில் கேட்கிற அந்தச் சிரிப்பு நின்றுபோகும். சொல்லாவிட்டால் சத்திரசிகிச்சை பிந்திப்போகும். நான் படித்த படிப்பின் மேல் அன்றைக்கு வந்த வெறுப்பு முன்பு ஒரு நாளும் வந்ததில்லை.

கடைசியில் குனிந்து அவர் காதருகே சொன்னேன். "அப்பா, திகதியைக் குடுக்க மறந்திட்டியள். குடுத்துக் கீறினா கோடு இப்பிடி வராது."

வாதாடுவார் என்று நினைத்தேன். வாதாடவில்லை. குசினிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, பின்னால் மறைந்திருந்த இன்னொரு வரைபை முன்னுக்குக் கொண்டுவந்தார். அதில் திகதிகள் இருந்தன. கோடு கொஞ்சத் தூரம் நேராக வந்து, முடிவில் சிவப்பை நோக்கிச் செங்குத்தாக விழுந்தது.

"இதைத்தான் முதல் கீறினனான்," என்றார். "பிறகுதான் திகதியை எடுத்தனான். கிழமைக்கு மூன்று தரம் மெஷினில கிடக்க எனக்கு ஏலாது பிள்ளை. எனக்குப் பின்னால அலைய அம்மாவுக்கும் ஏலாது. கையை வெட்ட நான் விடன்."

"அப்ப என்ன செய்யப் போறியள்?"

"ஒண்டும் செய்யப் போறதில்லை."

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. கத்தினால் அம்மாவுக்குக் கேட்கும். மன்றாடினால் இந்த மனிதர் கேட்க மாட்டார். அவர் பிழை விட்டிருந்தால் என்னால் திருத்தியிருக்க முடியும். அவர் பிழை விடவில்லை.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வரும் சத்தம் கேட்டதும் அப்பா அந்த வரைபை மூடினார். மெல்லச் சரியும் கோடு திரும்பவும் திரையில் நின்றது.

"என்ன இரண்டு பேரும் குசுகுசுக்கிறியள்?" அம்மா என்னைத்தான் பார்த்தார். "கோடு சரிதானே பிள்ளை?"

அப்பாவும் என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஓம் அம்மா, சரிதான்."