திரைக்கு அந்தப் பக்கத்துச் சாப்பாடு

எங்கள் தொழிலாளர் முகாமில் ஒரு விநோதமான வழக்கம் உண்டு. லீவு முடிந்து திரும்புகிறவனிடம் பிள்ளைகள் சுகமா, எங்கள் பக்கத்து அயனம்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிற்கிறதா என்றெல்லாம் முதலில் கேட்கமாட்டோம். "எந்த பிளைட்டு? இன்னா போட்டான்?" என்பதுதான் முதல் கேள்வி. அவன் பெட்டியை இறக்குவதற்குள் எல்லோரும் கட்டிலை விட்டு இறங்கி வந்துவிடுவோம். இந்த வளைகுடா நாட்டுக்கு வந்த பிறகு எங்களுக்கு இன்னொருவர் பரிமாறுகிற சாப்பாடு விமானத்தில் மட்டும்தான்; மற்ற நாளெல்லாம் நாங்களே ஆக்கி நாங்களே தின்பது. அதனால் தரம் பார்ப்பதில் நாங்கள் படு கறார். பம்பாய் வழியாக வருகிற விமானத்தில் உப்புமா சுமார், ஆனால் ஊறுகாய்ப் பொட்டலம் வைப்பார்கள், காபி கேட்டால் மறுபடியும் ஊற்றுவார்கள். அரபுக்காரர்களின் விமானத்தில் சோறு உதிரி உதிரியாக இருக்கும், ஆட்டுக்கறி பஞ்சு மாதிரி வெந்திருக்கும், காரம் மட்டும் மருந்துக்கும் கிடையாது. கொழும்பில் இறக்கி வேறு விமானத்தில் ஏற்றுகிறார்களே, அதில் தேங்காய்ப்பால் விட்ட மீன்குழம்பு. என் ஓட்டு அதற்குத்தான்.

இதெல்லாம் திரைக்கு இந்தப் பக்கத்துக் கதை. விமானத்தின் முன்பகுதியை மறைத்து ஒரு துணித்திரை தொங்கும். அதற்கு அந்தப் பக்கம் என்ன போடுகிறார்கள் என்று நான் தெரிந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் நான் பிட்டர், மெஷின் பூட்டுகிற வேலை. மேனாம்பேட்டில் ஓட்டு வீடு. என் மனைவி கஸ்தூரியின் அண்ணன் தனசேகர் ஒருநாள் வந்து, "மாப்ளே, நீயும் பிட்டரு, நானும் பிட்டரு. ஒரே கம்பெனி, ஒரே ரூமு. நான் கீறேன்ல, இன்னாத்துக்கு பயப்படற?" என்றான். கூடப் பிறந்தவனைப் போல நம்பினேன். இருந்த வேலையை விட்டேன். ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்து ஆட்கள் சிலரும் எங்களோடு கிளம்பினார்கள். விமானத்தில் ஏறியதும், "டிக்கெட்டு லேட்டா போட்டாங்க மாப்ளே, எடம் மாறிப்போச்சு" என்று அவன் மட்டும் திரைக்கு அப்பால் போய்விட்டான்.

எனக்கு அது முதல் பயணம். தட்டில் கொஞ்சம் சோறு, கோழிக்கறி, ஓரத்தில் மஞ்சளாக ஓர் இனிப்பு. இனிப்பைக் கடைசியில் தின்னலாம் என்று ஒதுக்கியிருந்தேன். பணிப்பெண் பன் கூடையை நீட்டினாள். பந்தியில் இலைக்கு மேலே கையை விரிப்போமே, அப்படித் தட்டுக்கு மேலே விரித்தேன். "பினிஷ்?" என்றாள். பன்னைத்தான் கேட்கிறாள் என்று "பினிஷ், பினிஷ்" என்றேன். தட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டாள், சோறும் பாதி அப்படியே இருந்தது.

அரை வயிற்றோடு இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்தபோது தனசேகரிடம், "சாப்ட்டியா மச்சான்? இன்னா போட்டான்?" என்று கேட்டேன். எதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று எல்லாவற்றையும் தயார் செய்து வைத்திருந்தவன், இதற்குச் செய்யவில்லை. எங்கள் ஆட்களுக்குச் சாப்பிட்டதைப் பற்றிக் கேட்டால் பொய் வராது.

"அத்த ஏன் கேக்கற மாப்ளே. மொதல்ல சூப்பு. அப்பால துணி விரிச்சு, பீங்கான் தட்டுல மீனு. ஒண்ணு துன்னு முடிச்சா இன்னொண்ணு கொண்டாறான்." வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தவன், என் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டான்.

ஒரு பிட்டருக்கு எவன் பீங்கான் தட்டு வைப்பான்? வெளியே வந்ததும் கம்பெனிக்காரன் அவனைக் கட்டிப்பிடித்து வரவேற்றான். எங்கள் பாஸ்போர்ட்டுகளை வாங்கி தனசேகர்தான் அவனிடம் ஒப்படைத்தான். எங்களுக்கு லாரி, அவனுக்குக் கார். மறுநாள் காலையில் என் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள், குழாய் பதிக்கப் பள்ளம் தோண்ட. அவன் அடுத்த ஆட்களைப் பிடிக்க மெட்ராஸுக்குத் திரும்பிவிட்டான். சொந்தத் தங்கை புருஷனுக்கே நாமம் போட்டுவிட்டான், பாவி.

லீவு கிடைக்கும்வரை கஸ்தூரிக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் பிட்டர் வேலை நன்றாகப் போகிறது என்றே எழுதினேன். அண்ணனின் லட்சணம் தெரிந்தால் நொந்துபோவாள் என்று பயந்தேன். முதல் லீவில் வந்து, மனம் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"மண்ணு வேலைனு அண்ணன் அப்பவே சொல்லிச்சு. உங்களாண்ட சொன்னா நீங்க கெளம்ப மாட்டீங்க. அப்போ ஊடு ஒழுவுது, புள்ளைங்க நனையுது. நான் இன்னா பண்ணட்டும்?"

நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் தெரிந்தேதான் படித்திருக்கிறாள். தலைக்கு மேலே நான் அனுப்பிய பணத்தில் போட்ட புதுத் தளம் ஒழுகாமல் இருந்தது, பிள்ளைகள் அதன்கீழே தூங்கிக்கொண்டிருந்தார்கள். குறை சொல்ல எனக்கு அங்கே இடம் இல்லை. சண்டை எதுவும் இல்லாத குரலில் அவள் கேட்டாள்.

"திரும்ப ஊருக்கு எப்போ போவணும்?"

மேனாம்பேட்டில், என் சொந்த வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஊர் என்று அவள் சொன்னது அந்தப் பாலைவனத்தை.

"அடுத்த வாரம்" என்றேன்.