பனிக்குப் போட்ட தகரக் கூரை

எண்பத்தாறோ எண்பத்தேழோ, சரியாக நினைவில்லை. சிவில் டிப்ளமா முடித்த கையோடு, ஏற்காட்டில் வாழவந்தி பக்கம் ஒரு எஸ்டேட்டில், வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவைப் புதுப்பிக்கும் வேலைக்கு மேற்பார்வை பார்க்கப் போயிருந்தேன். முன்னால் காட்டாறு. பின்னால் குதிரை லாயம், காபிக் கிடங்கு, தனியாக ஒரு சமையல்கட்டு. எதைப் பார்த்தாலும் மாற்றிவிடத் துடிக்கிற வயது எனக்கு.

சமையல்கட்டிலிருந்து பங்களாவுக்கு ஒரு நடைபாதை இருந்தது. மேலே துருப்பிடித்த தகரக் கூரை, ஓரத்தில் மூங்கில் கைப்பிடி. பங்களாவின் அழகையே கெடுக்கிறது, எடுத்துவிடலாம் என்றேன். முதலாளி தலையாட்டினார். சமையல்காரர்தான் தயங்கித் தயங்கி வந்தார்.

"ஏனுங்க அம்மணி, அது மழைக்குப் போட்டதில்லீங்க. பனிக்குப் போட்டதுங்க."

பனியைத் தகரம் எப்படித் தடுக்கும்? எனக்கு விளங்கவே இல்லை. அவர் மேற்கொண்டு சொல்வதற்குள், "பனிக்குக் கம்பளி போத்திக்குங்க" என்றேன். கொத்தனார்கள் சிரித்தார்கள். இரண்டே நாளில் தகரமும் மூங்கிலும் போய்விட்டன.

பங்களாவைத் திறந்த அன்று சேலத்திலிருந்து விருந்தாளிகள். சாயங்காலம் நான்கு மணிக்குப் பனிமூட்டம் இறங்கியது. டீயும் பஜ்ஜியும் வரவில்லை. நானே கொண்டுவருகிறேன் என்று பின்வாசல் வழியாக இறங்கினேன். முப்பது அடி தூரம்தானே.

பத்தடி போனதும் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. திரும்பினேன், வாசலைக் காணோம். கையை நீட்டியபடி நடந்தேன். ஒரு சுவர் தட்டியது. லாயம் என்று நினைத்துக் கதவைத் தேடினேன், கதவே இல்லை. இரண்டடி விலகினேன், சுவரும் இல்லை. ஆற்றுச் சத்தம் முன்னாலா, பின்னாலா? நான்கு பக்கமும் கேட்டது. பயந்து குரல் கொடுத்தேன்.

எங்கிருந்தோ சமையல்காரர் கேட்டார்: "காலுக்குக் கீழ என்னங்க இருக்குது?"

"கல்லுங்க. ஈரமா வழுக்குது."



"அம்மணி, அப்படியே உக்காந்துக்குங்க. ஒரு எட்டும் வைக்காதீங்க."

உட்கார்ந்தேன். சமையல்கட்டுத் தூணில் கிணற்றுக் கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்தபடியே துழாவித் துழாவி வந்தார். என் தோள் தட்டுப்பட்டதும், "பஜ்ஜி ஆறிப்போச்சுங்க" என்றார்.

மூட்டம் விலகியதும் போய்ப் பார்த்தேன். நான் உட்கார்ந்த கல்லுக்கு அப்பால் ஒரு முழம்தான் தரை. அதற்குக் கீழே ஆறு. பின்வாசலில் இறங்கியவள் பங்களாவைச் சுற்றி முன்பக்கம் எப்படி வந்தேன்? தொட்ட சுவர் எது? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மூங்கிலைப் பிடித்து, தகரத்தில் பனி சொட்டும் சத்தத்தைக் கேட்டு நடந்தால் வழி தப்பாது என்று அப்போதுதான் விளங்கியது. மறுநாளே இரண்டையும் திரும்பப் போடச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

இப்போதும் ஒரு பழைய வீட்டில் எதையாவது இடிக்கச் சொல்லும் முன், கண்ணை மூடிக்கொண்டு அதைத் தொட்டபடி ஒருமுறை நடந்து பார்க்கிறேன்.