ஆயில் போல்ட்டின் மரை

ஜீப் பத்து மாதமாக வாசலில் நின்றது. ஆனாலும் அடியில் எண்ணெய் சொட்டும் சத்தம் துரைக்கண்ணுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. பாதிச் சோற்றில் எழுந்து போய் மண்ணைத் தொட்டு முகர்வார்.

"காலி இன்ஜின்ல இன்னா சொட்டும்?" என்பாள் மனைவி மஞ்சுளா.

போன ஐப்பசியில் பிரசவ வலியில் துடித்த தேவயானியை மலையிலிருந்து ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு இறக்கும்போது, பாதி மலையில் இன்ஜின் இறுகி நின்றது. அவள் பின்சீட்டிலேயே போய்விட்டாள். பழைய வண்டி, விதி என்றது ஊர். புருஷன் வீரனும் அதையே நம்பினான்.

துரைக்கண்ணுக்குத் தெரியும். ஸ்பேனரில் பைப்பை மாட்டி முறுக்கி, இன்ஜின் அடியில் எண்ணெயை அடைத்து நிற்கும் ஆயில் போல்ட்டின் மரையை, அந்தத் திருகு வரிகளை, தேய்த்து வழுக்கவைத்தவர் அவர்தான். நூல் சுற்றி, சோப்பு அப்பி ஒப்பேற்றினார். தள்ளி ஸ்டார்ட் செய்யத் தோதாக எப்போதும் இறக்கத்தில்தான் நிறுத்துவார். சொட்டிய எண்ணெய் சரிவில் வழிந்து சருகுக்குள் போனது, இன்ஜினில் எண்ணெய் வற்றியது கண்ணில் படவில்லை.

பிறகு மெக்கானிக்குகள் இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்தார்கள், ஆனால் அவர் எண்ணெய் ஊற்றவும் இல்லை, ஓட்டவும் இல்லை. அந்த ஓட்டையை மட்டும் அவர் யாரிடமும் காட்டவில்லை.

நேற்று வீரன் வந்தான். "அண்ணா, என் தங்கச்சி அபிநயாவுக்கு நாள் நெருங்கிடுச்சு. நாளைக்கு எறக்கணும். உன்ன வுட்டா யாரு?"

உடனே துரைக்கண்ணு வண்டிக்கடியில் படுத்தார். இரவல் வாங்கிய டேப் என்னும் மரைவெட்டியில் கிரீஸ் தடவி, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று ஓட்டையில் புதிதாக மரை வெட்டினார். இரும்புத்தூள் போக டீசல் ஊற்றிக் கழுவினார். ஒரு சைஸ் பெரிய போல்ட்டைச் செம்பு வாஷரோடு கையாலேயே முறுக்கினார், கடைசியில்தான் ஸ்பேனர். எண்ணெய் ஊற்றி, சமதளத்தில் நிறுத்தி, அடியில் தன் வெள்ளை வேட்டியை விரித்தார்.

"கல்யாணத்துக்குக்கூட நீங்க கட்டாத வேட்டி!" என்றாள் மஞ்சுளா.

காலையில் வேட்டியில் ஒரு பொட்டு இல்லை. அவர் காதில் சொட்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

அபிநயா ஏறி உட்கார்ந்ததும், பழைய போல்ட்டை வீரன் கையில் வைத்தார். "மரை போனது தெரியும்டா. தெரிஞ்சேதான் அன்னிக்கி ஓட்டுனேன்."

வீரன் போல்ட்டைத் திருப்பிப் பார்த்து மடியில் செருகிக்கொண்டான். பிறகு வண்டிக்கடியில் புகுந்து புதுப் போல்ட்டைத் தடவினான். உலர்ந்த விரலோடு வெளியே வந்தான்.

"ஓட்டு."

தேவயானி போன அந்த வளைவு வந்தபோது துரைக்கண்ணு பிரேக்கை மிதித்தார். வீரன் இறங்கி, குனிந்து பார்த்தான்.

"சொட்டு இல்ல. ஓட்டு."

ஆலங்காயம் வரும்வரை அவன் 'அண்ணா' என்று கூப்பிடவில்லை. அபிநயாவை ஆஸ்பத்திரிக்குள் கைத்தாங்கலாக அழைத்துப் போனான். பழைய போல்ட்டைத் திருப்பித் தரவில்லை.