முல்லைப் பந்தலில் ஒரு பொய்

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, தலையைச் சற்றே சாய்த்து, விரலால் திசை காட்டியபடி அவர் பறவைகளை எண்ணிக்கொண்டிருந்த காலைப்பொழுதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. திருப்பதியில் என்னோடு வேலை பார்க்கும் தோழியின் அப்பா அவர்; அவளுக்கு நைனா, எனக்கும் நைனாதான். பார்வை போய் ஆறு வருடமாகியிருந்தது. சித்திரையில் கிடைத்த இரண்டு நாள் விடுமுறைக்கு, கார்வேட்டிநகரத்துக்கு அருகிலுள்ள தங்கள் கொல்லைவீட்டுக்கு அவள் என்னை அழைத்துப் போயிருந்தாள். புங்க மரங்கள் உதிர்த்த பூ தரையை மூடிக்கிடந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் வேப்பம்பூ மணத்தது.

"கெணத்து மேட்டுல கூவுறது மாங்குயிலு" என்றார். "முல்லைப் பந்தல்ல கொண்டைக்குருவி கூடு கட்டிக்கினு கீது. மூணு குஞ்சு, பொரிச்சு பத்து நாளாவுது. கிட்ட போவாத கண்ணு, இங்கியே குந்திக்கினு கேளு. அம்மாக்காரி தீனியோட வந்தா மூணும் கத்தும்."

கேட்டேன். அவர் முகத்தையும் பார்த்தேன். அதோடு நின்றிருக்கலாம். எனக்குப் படம் வேண்டியிருந்தது. சாயங்காலம் அவர் குளிக்கப் போனதும், கூட்டை மூடியிருந்த கொடிகளை ஒடித்துப் போட்டுவிட்டு போனில் எடுத்து, எல்லோருக்கும் பகிர்ந்தேன். திறந்த மூன்று வாய்கள். சாப்பாட்டுக்கு உட்காருவதற்குள் எத்தனையோ பேர் பாராட்டிவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் காபியோடு வெளியே வந்தேன். பந்தலிலிருந்து, கூட்டுக் குஞ்சுகளைத் தின்னும் செம்போத்து ஒன்று கனமாக எழும்பிப் போனது. கூடு சரிந்து காலியாகத் தொங்கியது. நான் அசையாமல் நிற்கும்போதே அவர் தடியை ஊன்றிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். தாய்க்குருவி மட்டும் பந்தலுக்கும் மரத்துக்குமாகக் கத்திக்கொண்டு பறந்தது.

"ஏம்மா, குஞ்சுங்க சத்தமே காணமே?"

"பறந்துடுச்சுங்க நைனா. நானே பார்த்தேன்."

"மூணுமா?"

"மூணும்."

அவர் முகம் மலர்ந்ததை இன்னும் என்னால் தாங்க முடியவில்லை. "ரெண்டு நாள் முந்திக்கிச்சுங்களே, கெட்டிக்காரப் பசங்க! அதான் அம்மாக்காரி தேடிக்கினு கீறா" என்று சிரித்தார். பக்கத்துக் கொல்லைக்காரர் வந்ததும், மூன்றும் பறந்துவிட்டன என்று தெலுங்கில், "எகிரிப்போயினாயி, மூடூ எகிரிப்போயினாயி" என்று கைகளை விரித்துக் காட்டினார். வாசலில் நின்றிருந்த தோழி சரிந்த கூட்டைப் பார்த்தாள். கீழே வாடிக் கிடந்த கொடிகளைப் பார்த்தாள். குனிந்து அவற்றைப் பொறுக்கி, அடுப்பில் போட்டாள்.

படத்தை அன்றே அழித்தேன். அழித்து என்ன?

வருடங்கள் ஓடிவிட்டன. அவள் என்னை மறுபடி வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை, அவரிடம் உண்மையைச் சொல்லவுமில்லை. ஆனால் சித்திரை வந்தால் வாழையிலையில் சுற்றிய முல்லைச் சரம் ஒன்று அவள் பையில் எனக்காக வருகிறது.

"நைனா குடுத்தாரு. குஞ்சுங்க பறந்ததப் பாத்த பொண்ணுக்குன்னு தனியா எடுத்து வெச்சாரு" என்பாள். குரலில் எதுவும் இருக்காது.

நான் திரும்பி நின்றுகொள்வேன். அவளே என் தலையில் வைத்துவிடுவாள். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.