கோழி பார்க்கப் போன ஞாயிற்றுக்கிழமை

காலை ஆறே காலுக்கு அம்பத்தூரில் ரயில் ஏறினோம். தொண்ணூறுகளின் தொடக்கம், மார்கழி மாதம். பனி தண்டவாளத்தின் மேலேயே படுத்திருந்தது. திருமுல்லைவாயில், அண்ணனூர் இரண்டும் வெறும் பெயர்ப்பலகைகளாக வந்து போயின. பெண் பார்க்கப் போகிறவன் போல நான் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தேன். "கோழிக்கு இஸ்திரில்லாம் தெரியுமா?" என்று கேட்டாள் என் மனைவி கஸ்தூரி.

நாங்கள் போனது கோழி பார்க்கத்தான். வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தில் கறிக்குக் கோழி வளர்த்து விற்பது என்று முடிவாகிவிட்டது. எந்தக் கோழி என்பதுதான் பாக்கி. நான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் லேத் ஓட்டுபவன், பகலெல்லாம் அங்கேதான். வளர்க்கப் போவது அவள். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் ஆறு வருடம் தைத்து அவளுக்குக் கழுத்து திரும்பாமல் போயிருந்தது. கோழி கைகொடுக்காவிட்டால் மறுபடியும் அந்த மிஷின் முன்னால்தான் போய் உட்கார வேண்டும். அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது. என் மனசு நாட்டுக் கோழியில் இருந்தது. சிவப்பும் கறுப்புமாகச் சேவல்கள் எங்கள் கொல்லையில் நடை பழகுவதை ஒரு மாதமாகக் கண்ணை மூடாமலே பார்த்துக்கொண்டிருந்தேன். கனவில் தீவனச் செலவு கிடையாது.

ஆவடியில் இறங்கிப் பூந்தமல்லி பஸ் பிடித்தோம். பருத்திப்பட்டுக்கு ஆளுக்கு எழுபத்தைந்து காசு. அங்கே ஏரி எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கரையோரம் கால் மணி நேரம் நடந்தோம். எதிரே வந்த பால்காரரின் சைக்கிள் மணி முதலில் வந்தது, அவர் பிறகு வந்தார்.

பண்ணைக்காரர் தேவராஜ், நெல் விளைந்த நிலத்தில் கொட்டகை போட்டவர். உள்ளே மஞ்சள் பல்புகளுக்குக் கீழே, கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைக் கோழிகள். இலவம் பஞ்சைக் கொட்டிப் பரப்பிய மாதிரி இருந்தது. அவ்வளவு கோழிக்கு அங்கே சத்தமே இல்லை.

"ஒண்ணுகூட கூவலியே அண்ணாத்தே?" என்றாள் கஸ்தூரி.

"கூவுற வயசு வர்றதுக்குள்ள கடைக்குப் பூடும்மா. ஏழு வாரந்தான். குஞ்சு எட்டு ரூபா."

அவள் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் கொஞ்சம் தீவனம் வைத்து, "பா... பா..." என்று கூப்பிட்டாள். ஒரு கோழியும் திரும்பவில்லை.

"அது வராதும்மா. தீனித் தட்டப் பாக்கும், தண்ணியப் பாக்கும். அவ்ளோதான்."

அவள் முகம் வாடியது. எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. "யோசிச்சி சொல்றோம்" என்று அவளைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒன்பதரைக்குக் கரையான்சாவடி. காடுவெட்டிப் பாலம் தாண்டும்போதே வெயில் வந்துவிட்டது. கடைத்தெருவில் கன்னியம்மா என்ற அம்மாள் கூடைகளில் நாட்டுக் கோழி வைத்து விற்றுக்கொண்டிருந்தார். காலில் கயிறு கட்டிய சிவப்புப் பெட்டை ஒன்று, கஸ்தூரி கூப்பிட்டதுமே ஓடிவந்தது. கூடையோரத்திலிருந்து அவள் கையில் அள்ளிய நொய்யைக் கொத்தித் தின்றுவிட்டு, அவள் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவள் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"ஊட்டுக்கு எத்துகினு போனதும் இத்த அம்மிக்கல்ல மூணு சுத்து சுத்திட்டு வுடு" என்றார் கன்னியம்மா. "அப்பால உன் ஊட்ட வுட்டு எங்கியும் போவாது. எங்க மேஞ்சாலும் பொழுது சாஞ்சா வந்து அடைஞ்சிரும்."

"ஜோடி இன்னா வெல?" என்றேன் நான், அவசரமாக.

கோழியைத் தடவிக்கொண்டிருந்த கஸ்தூரியின் கை நின்றது. "கறிக்கு விக்கத்தான்கா வளக்கப் போறேன். அதையும் சுத்தணுமா?"

கன்னியம்மா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "சுத்திட்டா அது ஊட்டு ஆளு மாரிம்மா. சுத்துனத நாங்க அறுக்கறதுல்ல. முட்டைக்கு வெச்சிப்போம்."

"சுத்தாம வுட்டா?"

"பக்கத்து ஊட்டுல ஆக்கித் துன்னுடுவாங்க."

நான் சிரித்தேன். கஸ்தூரி சிரிக்கவில்லை. கோழியை மெல்லக் கீழே இறக்கிவிட்டு, புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். அது இரண்டு எட்டு அவள் பின்னாலேயே வந்தது. கயிறு அவ்வளவுதான் நீளம்.

பஸ் ஸ்டாப்பில் அவள் புடவையில் ஒட்டியிருந்த சிவப்பு இறகு ஒன்றை எடுத்துப் போட்டாள். பிறகு, "வெள்ளக் கோழியே போட்லாங்க" என்றாள். ஏதோ தூக்கத்தில் கேட்டது போல இருந்தது எனக்கு.

"உனக்குத்தான் அது புடிக்கலியே. கூப்ட்டா திரும்பிக்கூட பாக்கல."

"அதுக்குத்தான் சொல்றேன். கூப்ட்டா வர்றத நான் எப்டிங்க கால புடிச்சி தூக்கிக் குடுப்பேன்?"

ஒரு மாதமாகக் கொல்லையில் சேவல் நடக்கப் பார்த்தேனே, கறிக்கடைக்காரர் தராசோடு வந்து நிற்கும் காலையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அந்தக் காலையில் நான் லேத் முன்னால் இருப்பேன். வீட்டில் இருக்கப் போவது அவள். வெட்கமாகத்தான் இருந்தது.

ஆவடி பஸ் வந்தது. கண்டக்டரிடம் பருத்திப்பட்டுக்கு இரண்டு டிக்கெட் கேட்டேன்.